கைப்பணி கேள்வி–பதில்: துணியில்லாத் தையல்

காலி, வெலிகமப் பகுதிகளின் பீரலு ரேந்தையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து, ஊசியால் செய்யப்படும் ரேந்தையைப் பற்றி மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. கடைகளில் லேஸ் என்று கேட்டு வாங்குவதையே இங்கு ரேந்தை என்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: தோட்டத்துத் துரை பங்களாவில் ஆயாவாக வேலை செய்த என் பாட்டிக்குத் துரைசானி கொடுத்த வெள்ளைக் கழுத்துப்பட்டி ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதை ஒருவர் பீரலு என்கிறார், ஒருவர் மெஷின் லேஸ் என்கிறார், என் மகளோ குரோஷே என்கிறாள். இலைகளின் விளிம்பு கயிறுபோல் தடித்திருப்பது விரலுக்குத் தெரிகிறது. இது எந்த வகை? – வாசகி, பண்டாரவளை

பதில்: சகோதரி, மூவரும் துளைகளைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறோம். எல்லா ரேந்தையிலும் துளை உண்டு. ஆகவே துளை எதையும் காட்டிக்கொடுக்காது. பட்டியை ஒரு கறுப்புத் துணியின்மேல் விரித்து, இலையோ பூவிதழோ அடர்த்தியாக நிரம்பியிருக்கும் இடத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள்.

அங்கே நூல்கள் மேலும் கீழுமாகக் குறுக்கிட்டு, நெய்த துணியைப்போல் தெரிந்தால் அது பீரலு போன்ற கட்டை ரேந்தை. பல மரக்கட்டைகளில் சுற்றிய பல நூல்களைத் திண்டின்மேல் மாற்றி மாற்றிப் பின்னுவதால் அந்தத் தோற்றம் வருகிறது. சங்கிலிக் கண்ணிகள் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு சற்றுப் பருமனாக அடுக்கப்பட்டிருந்தால் அது கொக்கி ஊசியின் வேலை, அதாவது குரோஷே. சின்னஞ்சிறு கண்ணிகள் வரிசை வரிசையாக, ஒவ்வொன்றும் மேல்வரிசைக் கண்ணியைப் பற்றித் தொங்கியபடி, ஒரே நூல் போய்த் திரும்பிப் போனதுபோல் காணப்பட்டால் மட்டுமே அது ஊசி ரேந்தை. தையற்கடைகளில் காஜா என்று சொல்லும் பொத்தான் துளைத் தையலே அதன் அடிப்படை. காஜாவை ஒரு துணியின் ஓரத்தில் போடுகிறோம், ஊசி ரேந்தையிலோ துணி கிடையாது, ஒரு கண்ணி இன்னொரு கண்ணியின்மேல் மட்டுமே நிற்கிறது.

இயந்திர ரேந்தை இந்த மூன்றில் எதைப்போலவும் வேடமிடக்கூடும். ஆனால் அடர்த்தியான இடத்தில் அதன் நூல் அங்குமிங்குமாகக் குறுக்கே ஓடி மூடியிருக்குமேயன்றி, ஒன்றையொன்று பற்றிய கண்ணிகள் இருக்கமாட்டா. மேற்பரப்பில் மெல்லிய பிசிறும் தெரியும். ஒரு பூவில் உள்ள பிழை அடுத்தடுத்த பூக்களிலும் அதே இடத்தில் அப்படியே வந்தால் ஐயமே வேண்டியதில்லை.

உங்கள் பட்டியின் தடித்த விளிம்பு ஒரு நல்ல தடயம். வெனிஸ் பாணி ஊசி ரேந்தையில் இலையின் ஓரத்தில் பல நூல்களைக் கற்றையாகக் கிடத்தி, அதன்மேல் காஜாவை நெருக்கமாகப் போட்டு வரம்பு எழுப்புவார்கள். அந்தக் கயிற்றைக் கண்ணாடியில் பாருங்கள்: குறுக்கே தனித்தனித் தையல்கள் நின்று, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு முடிச்சுத் தெரிந்தால் அது கைவேலை. வழவழவென்று ஒரே நூல் சுற்றியிருந்தால் இயந்திர நகல். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: பெல்ஜியத்தில் கையால் செய்த பூக்களை இயந்திர வலைத்துணியின்மேல் ஒட்டித் தைக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் பெருகியிருந்தது, எனவே உங்கள் வீட்டில் மூவரில் இருவர் சொன்னது பாதிப் பாதி சரியாகவும் இருக்கலாம். சோதனை என்ற பெயரில் நூலைப் பிரிக்கவோ நெருப்பில் காட்டவோ வேண்டாம்.

கேள்வி: பாடசாலைக் கண்காட்சிக்கு நான் செய்த சிறு ரேந்தைத் துண்டுக்கு ‘சரிகைப் பின்னல்’ என்று சீட்டு எழுதினேன். ஆசிரியை அதை அடித்துவிட்டார். எப்படி எழுத வேண்டும்? – மாணவி, ஹட்டன்

பதில்: உங்கள் ஆசிரியை செய்தது சரி. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பவர்கள் லேசுக்குச் சரிகை என்று எழுதிவிடுவது உண்டு. சேலைக் கரையில் ஓடும் பொன், வெள்ளி இழைதான் சரிகை, அது ஒரு நூல்வகை. உங்கள் துண்டில் அது இல்லை. பின்னல் என்ற சொல்லும் பொருந்தாது, ஏனெனில் கட்டை ரேந்தையில்போல் பல இழைகளை நீங்கள் மாற்றி மாற்றிப் பின்னவில்லை. நீங்கள் ஒரே நூலால் தைத்திருக்கிறீர்கள். போர்த்துக்கேயர் காலத்தில் வந்த ரேந்தை என்ற சொல் இலங்கைத் தமிழில் இருக்கிறது, சிங்களத்திலும் அதுவே ‘ரேந்த’ என்று வழங்குகிறது. கண்காட்சிக்கு வரும் இரு மொழியினருக்கும் விளங்கும் என்பதால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சீட்டில் ‘அழகிய பாரம்பரிய நுண்கலை வேலைப்பாடு’ என்றெல்லாம் எழுதாதீர்கள். அதைப் படிப்பவருக்கு ஒன்றும் தெரியவராது. கை என்ன செய்தது என்பதை எழுதினால் போதும்: ‘ஊசி ரேந்தை. வெள்ளைப் பருத்தி நூல். தாளில் வரைந்த இலை வடிவத்தின்மேல், துணியில் குத்தாமல், பொத்தான் துளைத் தையலால் நிரப்பப்பட்டது. அளவு இவ்வளவு.’ கண்டிய வெற்றிலைப் பைகளில் காணும் அழகான நூல்வேலையைக்கூடச் சிலர் ரேந்தை என்று எழுதுகிறார்கள். அது துணியின்மேல் போட்ட பூத்தையல். துணியை எடுத்துவிட்டால் நூல் நிற்காது. ஊசி ரேந்தையோ துணியை எடுத்த பின்புதான் பிறக்கிறது.

கேள்வி: மணப்பெண் சட்டை தைப்பதற்காக வாங்கிய துணியின் சீட்டில் ‘பாயின்ட் டி வெனிஸ்’ என்று இருந்தது. வெனிஸ் நகரத்துக் கைவேலை இவ்வளவு மலிவாகக் கிடைக்குமா? – தையற்காரர், கண்டி

பதில்: கிடைக்காது, ஐயா. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. ‘பாயின்ட்’ என்ற சொல் பிரெஞ்சு மொழியில் தையலைக் குறிப்பது. ரேந்தை உலகில் அது முதலில் ஊசி வேலைக்கே உரியதாக இருந்தது. துணியில் நூல்களை உருவியும் சதுரங்களாக வெட்டியும், எஞ்சிய சட்டத்தைத் தையலால் நிரப்பும் வேலை இத்தாலியில் முதலில் இருந்தது. வெட்டும் பகுதி பெருகிப் பெருகி, 16ஆம் நூற்றாண்டில் துணியே இல்லாமல் தோல்தாளின்மேல் கிடத்திய நூலிலிருந்து தைக்கத் தொடங்கினார்கள். அதற்கு இத்தாலியர் வைத்த பெயர் ‘புந்தோ இன் ஆரியா’, காற்றில் போட்ட தையல். செய்முறையையும் சொல்லி வியப்பையும் சொல்லும் அந்தப் பெயருக்கு ஈடாக இத்துறையில் வேறொன்று வாய்க்கவில்லை என்பது எமது எண்ணம்.

பிறகு ஊசி ரேந்தைக்கு மதிப்பு ஏறியதும், கட்டை ரேந்தை விற்பவர்களும் அதே சொல்லைத் தங்கள் சரக்குக்குச் சூட்டிக்கொண்டார்கள். ‘பாயின்ட் டி பாரி’ என்பது கட்டையால் செய்வது. ‘இங்கிலாந்துப் பாயின்ட்’ என்று பெயர்பெற்றதோ பெரும்பாலும் பிரசெல்ஸ் நகரத்து வேலை. இவ்வாறு, தையலைச் சுட்டிய சொல் தரத்தைச் சுட்டும் சொல்லாயிற்று, ஊர்ப்பெயர் பாணியின் பெயராயிற்று.

உங்கள் சட்டைத் துணி இவற்றுக்கெல்லாம் பின் வந்தது. 1863இல் சுவிட்சர்லாந்தின் இசாக் குரோப்லி உருவாக்கிய ஷிஃப்லி என்னும் பூத்தையல் இயந்திரத்தின் வழியில் பிறந்த வேலை அது. கரைந்துபோகக்கூடிய ஒரு துணியின்மேல் இயந்திரம் நெருக்கமாகப் பூத்தையல் போடும். பின்னர் துணியை மருந்தில் கரைத்துவிட்டால் நூல் மட்டும் ரேந்தைபோல் எஞ்சும். துணிக்கடைகளில் கெமிக்கல் லேஸ் என்று சொல்வது இதைத்தான். மணப்பெண் சட்டைக்கு நன்றாக உழைக்கும், தாராளமாகத் தையுங்கள். வாடிக்கையாளரிடம் வெனிஸ் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: டாட்டிங் ஊசி ரேந்தையா? – வாசகி, மாத்தளை

பதில்: இல்லை. அது ஓடம் போன்ற சிறு நூற்கருவியில் சுற்றிய நூலால் முடிச்சுகளை வளையங்களாகக் கோர்ப்பது. ஊசியால் செய்யும் டாட்டிங்கும் உண்டு. அப்போதும் அது முடிச்சு வளையந்தான்.

கேள்வி: கொழுந்து எடுக்கும் வேலை முடிந்து மாலையில் ஏதாவது கைவேலை செய்ய விரும்பும் நாங்கள் சில பெண்கள் ஊசி ரேந்தையைத் தொடங்கலாமா? என்னென்ன வாங்க வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும்? – வாசகி, தலவாக்கலை

பதில்: தொடங்கலாம். பீரலுக்குத் திண்டும் கட்டைகளும் வேண்டும். இதற்கு ஊசி, நூல், ஒரு துண்டுத் துணி, ஒரு தாள் போதும், மடியிலேயே வைத்துச் செய்யலாம். ஒரு கூர்மையான ஊசியும், நுனி மழுங்கிய மெல்லிய ஊசியொன்றும் வாங்குங்கள். நூல் முறுக்கேறிய பருத்தியாக இருக்கட்டும். முதல் வேலைக்கு 40ஆம் இலக்கக் குரோஷே நூல், கை பழகிய பின் 80ஆம் இலக்கம்.

முதலில் உங்கள் கைக்கு மிகப் பழக்கமான தேயிலை ஒன்றை, விரல் நீளத்துக்கு மேற்படாமல், நடு நரம்போடு கடும்நீலத் தாளில் வரையுங்கள். நரம்பு இலையை இரண்டு சிறு வயல்களாகப் பிரித்துவிடுவதால் இரண்டு விதமான நிரப்புகளைப் பழகலாம். தாள் நீலமாக இருந்தால் வெள்ளை நூல் கண்ணை வருத்தாது. தாளை இரண்டு மடிப்புப் பருத்தித் துணியின்மேல் வைத்து ஓரத்தைச் சுற்றி ஓட்டுத்தையல் போடுங்கள். இரண்டு மடிப்பு ஏன் என்பது கடைசியில் விளங்கும்.

இனி வரைந்த கோட்டின்மேல் இரண்டு இழை நூலைக் கிடத்தி, 2 அல்லது 3 மில்லிமீற்றருக்கு ஒரு தையலாக, வேறு மெல்லிய தையல்நூலால் தாளோடும் துணியோடும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போங்கள். இதை இப்பகுதியில் தாங்கு நூல் என்று வழங்குவோம். இதில் கவனம் மிக வேண்டும். ரேந்தை முழுவதும் இதைப் பிடித்தே நிற்கப் போவதால், நரம்பின் நூல் விளிம்பின் நூலோடு சேராமல் ஓரிடத்தில் விட்டுப்போனால், பிரித்தெடுக்கும்போது அந்த இடம் வாய் திறந்துவிடும்.

பின்பு மழுங்கிய ஊசியில் ஒரு முழ நூலைக் கோத்து, தாங்கு நூலில் சுற்றி நிறுத்தி, இடமிருந்து வலமாகத் தளர்ந்த காஜாக் கண்ணிகளைப் போடுங்கள். ஊசி தாங்கு நூலுக்கு அடியில் மட்டும் நுழைய வேண்டும்; தாளையோ துணியையோ தொடக்கூடாது. வரிசை முடிந்ததும் எதிர்ப்பக்கத் தாங்கு நூலை ஒரு சுற்றுச் சுற்றி, வலமிருந்து இடமாகத் திரும்பி, ஒவ்வொரு கண்ணியையும் மேல்வரிசைக் கண்ணிக்குள் போடுங்கள். இவ்வளவுதான் இந்தக் கலையின் அரிச்சுவடி. கண்ணிகளை நெருக்கினால் அடர்த்தி, விலக்கினால் வலை. சில கண்ணிகளை விட்டுத் தாண்டினால் பூத்துளை. திரும்பும்போது தைக்காமல் நூலை நேராகக் குறுக்கே கொண்டுவந்து, அடுத்த வரிசையில் அதையும் சேர்த்துத் தைத்தால் பட்டுத் துணிபோல் இறுகிய நிரப்பு கிடைக்கும். நூல் தீர்ந்துவிடும் போலிருந்தால் வரிசையின் நடுவில் முடிச்சுப் போடாமல் தாங்கு நூலிலேயே முடித்துப் புதிதாகத் தொடங்குங்கள். தொடக்கத்தில் எல்லோருடைய வரிசையும் நடுவில் தொய்யும். கண்ணியை இழுக்கும்போது ஊசியை எப்போதும் ஒரே திசையில், ஒரே அளவுக்கு இழுத்துப் பழகினால் அது நேராகிவிடும்.

இரண்டு வயல்களும் நிரம்பியதும், விளிம்பைச் சுற்றி மூன்று நான்கு இழைகளைக் கிடத்தி, காஜாவை நெருக்கமாகப் போட்டு வரம்பை எழுப்புங்கள். தனித்தனி இலைகளை இணைக்க வேண்டுமானால் இரண்டு மூன்று நூல்களை இடைவெளியில் குறுக்கே ஓட்டி, அவற்றின்மேல் காஜா போட்டுப் பாலம் கட்டலாம்; அதை வரம்புக்கு முன்பே செய்துவிட வேண்டும்.

இப்போது இரண்டு துணி மடிப்புகளையும் மெல்ல விலக்கி, அவற்றுக்கிடையே தெரியும் கட்டுத்தையல்களைக் கத்தரிக்கோலின் நுனியால் ஒவ்வொன்றாக வெட்டுங்கள். ரேந்தை தாளைவிட்டுக் கழன்று கையில் வரும். ஒற்றைத் துணியில் தைத்திருந்தால் கத்தரிக்கோல் ரேந்தைக்கு மிக அருகில் போயிருக்கும். ஒட்டியிருக்கும் நூல் துணுக்குகளைச் சாமணத்தால் எடுத்துவிடுங்கள்.

நாள் முழுதும் கொழுந்தெடுத்த விரல்களில் பிளவும் சாயமும் இருக்கும் என்பது எமக்குத் தெரியும். பிளவு நூலைப் பற்றி இழுக்கும், சாயம் வெள்ளையில் ஏறும். ஆகவே மாலை வேளையைவிட விடுமுறை நாள் காலையில், யன்னல் வெளிச்சத்தில், கையை நன்றாகக் கழுவித் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்த பின் உட்காருவது நல்லது. இதை விற்றுப் பிழைக்கலாம் என்று யாராவது சொன்னால், அடுத்த பதிலைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பிரான்சில் ஒரு சதுர சென்ரிமீற்றர் ரேந்தைக்கு 7 மணித்தியாலம் ஆகும் என்று கேள்விப்பட்டேன். நம்பலாமா? – வாசகர், நாவலப்பிட்டி

பதில்: நம்பலாம். அலான்சோன் நகரத்து ஊசி ரேந்தையைப் பற்றிய கணக்கு அது. 2010இல் அந்தக் கைத்திறனை யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது இந்த அளவே குறிப்பிடப்பட்டது. முழுமையாகப் பயில 7 முதல் 10 ஆண்டுகள் ஆகும் என்றும் அதிலேயே உள்ளது. அப்படியானால் 2 சென்ரிமீற்றர் அகலமும் 3 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள சிறு துண்டுக்கு 42 மணித்தியாலம். பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர், வெனிஸ் ரேந்தைக்காகப் பிரான்சின் பணம் வெளியேறுவதைத் தடுக்க 1665இல் அரச ஆதரவோடு இத்தொழிலை வளர்த்தார். வாங்கியவர்கள் அரசவையினர், விரலும் கண்ணும் தேய்ந்தவர்கள் ஊர்ப் பெண்கள். அவர்களுடைய செய்முறையில் கடைசி வேலை, நிரப்பிய பகுதிகளைச் சிங்கி இறாலின் கொடுக்கால் தேய்த்து மெருகேற்றுவது. மலையகத்தில் அதற்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். வழவழப்பான கரண்டிக் காம்பு போதும்.

கேள்வி: கற்றுத்தர ஆளில்லாமல் போன கைவேலையைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? – ஆசிரியை, பதுளை

பதில்: முடிந்திருக்கிறது. வெனிசுக்கு அருகிலுள்ள புரானோத் தீவில் மீனவர்கள் கடுங்குளிரால் வருமானமிழந்து தவித்தபோது, 1872இல் ரேந்தைப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. பழைய வேலை தெரிந்தவராகச் செஞ்சா ஸ்கார்பரியோலா என்ற மூதாட்டி ஒருவரே எஞ்சியிருந்தார். அவருடைய கைக்குத் தெரிந்ததை அவருடைய வாயால் சொல்லித்தர இயலவில்லை. ஆகவே தீவின் பெண்கள் பாடசாலை ஆசிரியை அன்னா பெல்லோரியோ தெஸ்தே, ஓய்வு நேரங்களில் மூதாட்டியிடம் அமர்ந்து தாம் முதலில் கற்று, பிறகு 8 மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். செய்யத் தெரிந்தவர் ஒருவர், சொல்லத் தெரிந்தவர் இன்னொருவர். இருவரில் ஒருவர் இல்லையென்றாலும் அந்த வேலை அங்கேயே நின்றிருக்கும். ஒவ்வொரு தையலுக்கும் பெயரும், ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு வாக்கியமும் வேண்டும் என்று இப்பகுதியில் நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

அயர்லாந்தின் யோல் நகரக் கன்னியர் மடத்தில், பஞ்ச காலத்துப் பிள்ளைகளுக்குத் தொழில் தேடிய அருட்சகோதரி ஒருவர், பழைய இத்தாலிய ரேந்தைத் துண்டைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்தே முறையைக் கண்டுபிடித்தார். மேலே பண்டாரவளைச் சகோதரியிடம் பிரிக்க வேண்டாம் என்று சொன்னோம்; கற்பதற்காகப் பிரிப்பதானால், கிழிந்துபோன துண்டைப் பிரியுங்கள்.

கேள்வி: எங்கள் முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். நாகர்கோவில், இடையன்குடி லேசும் ஊசி ரேந்தைதானா? – வாசகர், இரத்தோட்டை

பதில்: நாகர்கோவிலில் தொடங்கியது கட்டை ரேந்தை. 1819இல் அங்கு வந்த மிஷனரி குடும்பத்தின் மார்த்தா மால்ட் அதைக் கற்பித்தார். ரேந்தை விற்ற பணத்தில் அடிமைப் பெண்கள் சிலர் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கியதாக மிஷன் பதிவுகள் சொல்கின்றன. அவருடைய மகள் எலிசா, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லை மணந்து, இடையன்குடியிலும் இத்தொழிலை வளர்த்தார்.

கேள்வி: துருக்கியில் பெண்கள் ரேந்தையாலேயே பேசிக்கொள்வார்களாமே? – வாசகி, வட்டவளை

பதில்: தலைமுக்காட்டின் ஓரத்தில் ஊசியால் செய்யும் ரேந்தையை அங்கே ‘ஓயா’ என்கிறார்கள். நம் கொத்மலை ஓயா ஆற்றுக்கும் அதற்கும் உறவில்லை. தாளோ தாங்கு நூலோ இல்லாமல், துணியின் ஓரத்திலிருந்தே முடிச்சிட்ட கண்ணிகளாக வளர்த்து, பூவும் காயுமாக நிமிர்ந்து நிற்கும்படி செய்வது அதன் சிறப்பு. கணவனோடு மனத்தாங்கல் கொண்ட மனைவி சிவந்த மிளகாய் வடிவ ஓயாவைக் கட்டிக்கொள்வாள் என்பது அங்கு பரவலாகச் சொல்லப்படும் வழக்கம். மாமியாரின் நாக்கு என்ற பெயரிலும் ஒரு வடிவம் உண்டு, விளக்கம் தேவைப்படாது. ஆயினும் ஊருக்கு ஊர் பொருள் வேறுபடும் வழக்கத்தை அகராதிபோல் எடுத்துக்கொண்டு, கண்ட ரேந்தையிலெல்லாம் செய்தி தேடக் கூடாது. வெனிஸ் இலைச்சுருளில் நாம் அறிந்தவரை எந்த மாமியாரும் இல்லை.

கேள்வி: எங்கள் ஊர்ப் பனியிலும் ஈரத்திலும் பழைய ரேந்தைக்குப் பூஞ்சணம் பிடிக்கிறது. எப்படிப் பாதுகாப்பது? – வாசகி, நானுஓயா

பதில்: முதலில் அதைப் பொலித்தீன் பையிலிருந்து எடுத்துவிடுங்கள், ஈரம் உள்ளேயே தங்குவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். கழுவும்போது கசக்க வேண்டாம். ரேந்தையை ஒரு வலைத்துணியின்மேல் கிடத்தி, வெதுவெதுப்பான நீரில் மென்மையான சவர்க்காரத்தைக் கரைத்துச் சிறிது நேரம் ஊறவிட்டு, வலைத்துணியோடே தூக்கி, சவர்க்காரம் முழுதும் போகும்வரை நல்ல நீரில் அலசுங்கள். நீரூறிய ரேந்தையின் பாரத்தைப் பழைய நூல் தாங்காமல் அறக்கூடும் என்பதால் ரேந்தையை மட்டும் பிடித்துத் தூக்கக் கூடாது. வெளுப்பு மருந்து கூடாது. துவாயின்மேல் பரப்பி, வடிவத்தை விரலால் சீர்ப்படுத்தி, துருப்பிடிக்காத குண்டூசி குத்தி நிழலில் உலர்த்துங்கள்.

கஞ்சி போட்டு வைத்தால் வெள்ளிப்பூச்சி வரும். கஞ்சி வேண்டுமானால் அணியும் நாளுக்கு முன் போட்டுக்கொள்ளலாம். மடித்தால் மடிப்பில் நூல் அறும். ஆகவே கஞ்சியில்லாத, துவைத்துத் துவைத்து மென்மையான வெள்ளைத் துணியோடு சேர்த்து ஓர் உருளையில் சுற்றி வையுங்கள். அலுமாரியின் அடித்தட்டும் வெளிச்சுவரை ஒட்டிய பக்கமும் வேண்டாம். வெயில் எறிக்கும் மாதங்களில் அவ்வப்போது வெளியே எடுத்து, நேர் வெயில் படாமல் காற்றாடவிட்டு, மடிப்பு விழாமல் மறுபடியும் சுற்றுங்கள்.